மரக்காணத்துப் பாத்திகளில் ஒரு வேதியியல் பாடம்

‘உப்பு’ என்றவுடன் சோற்றில் இடும் உப்பே நம் நினைவுக்கு வருகிறது. வேதியியலிலோ அது ஒரு குடும்பப் பெயர். அமிலத்திலுள்ள ஹைட்ரஜனின் இடத்தை ஓர் உலோகம் பிடித்துக்கொண்டால் கிடைப்பது உப்பு. மயில்துத்தம் கந்தக அமிலத்தின் உப்பு. வெடியுப்பு நைட்ரிக் அமிலத்தின் உப்பு. சுண்ணாம்புக்கல் கார்பானிக் அமிலத்தின் உப்பு.

ஆய்வுக்கூடத்தில் நாம் எரிசோடாக் கரைசலில் இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டு, ப்யூரெட்டிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறோம். இளஞ்சிவப்பு மறையும்போது வினை முடிகிறது. ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் கூடி நீராகிவிட்டன. சோடியமும் குளோரைடும் கரைசலில் அப்படியே நிற்கின்றன. நீர் வற்றினால் படிகமாகும். 36.5 கிராம் அமிலமும் 40 கிராம் எரிசோடாவும் சேர்ந்து 58.5 கிராம் உப்பைத் தருகின்றன. அதே அளவு உப்பு இரண்டு லிட்டருக்குச் சற்று மிகுந்த கடல்நீரிலேயே இருக்கிறது! நம் முறையில் உப்புச் செய்து விற்பவன் ஒரே வாரத்தில் கடையை மூடுவான்.

கடலுக்கு அது எப்படி வந்தது? கார்பன் டை ஆக்சைடு கரைந்த மழைநீர் மெலிந்த அமிலமாகிப் பாறைகளை அரித்துச் சோடியத்தைக் கொணர்ந்தது. எரிமலை வாயுக்கள் ஹைட்ரஜன் குளோரைடைத் தந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்த வினை அது.

இனி மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்துக் கடலோரத்தில் உள்ள இவ்வூரைச் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தோடு இணைத்துப் பேசும் அறிஞர் உளர். இங்குள்ள பாத்திகளில் வெயிலும் காற்றும் செய்யும் வேலையை நான் ‘பிரித்தெடுத்தல்’ பாடம் என்றே சொல்வேன். கடல்நீரின் அடர்த்தி போமே அளவியில் ஏறத்தாழ 3 டிகிரி. நீர் வற்ற வற்ற முதலில் கால்சியம் கார்பனேட் படியும். 13 டிகிரியை ஒட்டி ஜிப்சம் படியத் தொடங்கும். 25 டிகிரியைத் தாண்டினால்தான் நம் உப்பு பூக்கும். அதற்குமுன் உவர்நீரை அடுத்த பாத்திக்கு மாற்றாவிட்டால் ஜிப்சமும் உப்போடு கலந்துவிடும். 29, 30 டிகிரி ஆனதும் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். அதில் மக்னீசியம் குளோரைடும் மக்னீசியம் சல்பேட்டும் மிகுதி. நாவில் வைத்தால் கசக்கும். இன்னும் சற்று வற்றட்டும் என்று ஆசைப்பட்டால் எடை கூடும், தரம் போய்விடும். உச்சி வெயிலில் உப்பு வாரும் பெண்களின் ஒருநாள் உழைப்பு இந்த நான்கைந்து டிகிரிக்குள் அடங்கியிருக்கிறது. எந்த உப்பு முதலில் படியும் என்பதைக் கரைதிறன் முடிவு செய்கிறது என்று ஏட்டில் ஒரே வரியில் படித்துவிடுகிறோம்!

இதே வினையைத் திருப்பியும் நடத்தலாம். காயல்பட்டினத்தை அடுத்த சாகுபுரத்து ஆலையில் உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி எரிசோடா, குளோரின், ஹைட்ரஜன் ஆகியவற்றைப் பெறுகின்றனர். ஹைட்ரஜனைக் குளோரினில் எரித்து நீரில் கரைத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். நாம் ப்யூரெட்டில் ஒன்று சேர்த்த இரண்டும் மறுபடி தனித்தனியே நிற்கின்றன.

மழைக்காலத்தில் வீட்டு உப்புச் சாடி நீர்த்துப்போவது சோடியம் குளோரைடின் குற்றமன்று. உடனிருக்கும் மக்னீசியம் குளோரைடே காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது. ஐயமிருப்பின், கல்லுப்பைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, தெளிந்த நீரில் எரிசோடாக் கரைசல் சில சொட்டு விடுங்கள். மக்னீசியம் மிகுந்திருந்தால் மக்னீசியம் ஹைட்ராக்சைடு வெண்மையாகத் திரளும். மரக்காணத்து உப்பு, கடையில் வாங்கும் பொட்டல உப்பு இரண்டையும் பக்கத்துப் பக்கத்துச் சோதனைக் குழாய்களில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.