வரைபடம் இல்லாத கப்பல்

நெடுங்கடலில் செல்லவேண்டிய விசைப்படகைக் கட்டி முடித்தவுடன் உரியவரிடம் ஒப்படைத்துவிடுவதில்லை. முதலில் அதைக் கடலில் ஓட்டிப் பார்ப்பார்கள். எந்த வேகத்தில் எவ்வளவு எரிபொருள் செலவாகிறது, அலையில் சாய்ந்தால் எவ்வளவு விரைவில் நிமிர்கிறது என்றெல்லாம் கணக்கெடுப்பார்கள். நடுக்கடலில் எரிபொருள் தீர்ந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

இயந்திரமே இல்லாத, பழைய வரைபடமும் கிடைக்காத கப்பலை எப்படிச் சோதிப்பது? இந்தியக் கடற்படைக்காகக் 'கௌண்டின்யா'வைக் கட்டியவர்கள் முன் இந்தக் கேள்வி நின்றது. அஜந்தா குகையிலுள்ள 5ஆம் நூற்றாண்டு ஓவியமே அவர்களுக்கு வழிகாட்டி. நீருக்கடியில் கப்பலின் அடிப்பாகம் எப்படி இருந்தது என்பதை ஓவியம் சொல்லுமா? அதனால் வடிவத்தை அவர்களே வகுக்கவேண்டியிருந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடல் பொறியியல் துறையுடன் சேர்ந்து, கப்பலின் மாதிரியைச் சோதித்தார்கள்.

பாய்மரத்தின் வலிமையையும் ஆராய்ந்தார்கள். அது வீண் கவலையன்று. 2010இல் ஓமானிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்ற கப்பலுக்கு, வழியில் இலங்கையின் காலித் துறைமுகத்தில் பாய்மரங்களை மாற்றவேண்டியதாயிற்று.

அந்தக் கப்பலைப் போலவே கௌண்டின்யாவிலும் ஆணிக்கு வேலையில்லை. கேரளக் கைவினைஞர்கள் பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்தார்கள். தைத்த பலகைகள் அலை மோதும்போது சற்று வளைந்து கொடுக்கும்.

2025 டிசம்பர் 29ஆம் தேதி, கௌண்டின்யா குஜராத்தின் போர்பந்தரிலிருந்து காற்றை நம்பிப் புறப்பட்டது. 2026 ஜனவரி 14ஆம் தேதி மஸ்கட்டை அடைந்தது.