புதுச்சேரியில் எத்தனை எழுத்து?

புதுச்சேரி என்ற சொல்லில் ஐந்து எழுத்து: பு, து, ச், சே, ரி. லினக்ஸ் டெர்மினலில் ‘டபிள்யூசி’ கட்டளையிடம் குறியீடுகளை எண்ணச் சொன்னால் பத்து என்கிறது. பைட் கணக்கில் 30. யூனிகோடில் ‘பு’ என்பது பகரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். தமிழர் எண்ணுவது போலவே எண்ணும் சிறு கட்டளை ஒன்று வேண்டுமென்று புதுச்சேரியில் வசிக்கும் இக்கட்டுரையாளர் பாஷ் ஸ்கிரிப்ட் எழுதினார். முத்து அண்ணாமலை தொடங்கிய ‘ஓபன்-தமிழ்’ பைத்தான் நூலகம் இதை முன்பே செய்கிறது. பைத்தான் இல்லாத கணினியிலும் ஓட வேண்டும் என்பதே இந்த ஸ்கிரிப்டின் நோக்கம்.

எழுத ஒரு மாலை போதுமானதாக இருந்தது. வெளியிடப் பல வாரம் பிடித்தது.

முதல் சிக்கல் லொக்கேல், அதாவது கணினியின் மொழி, வட்டார அமைப்பு. அவருடைய மடிக்கணினியில் சரியாக வந்த விடை, ‘சி’ லொக்கேலில் ஓடிய கணினியில் தவறியது. அங்கே ஒவ்வொரு பைட்டும் தனிக் குறியாகிவிடுவதால் பத்து என்பதே 30 ஆகிறது. அடுத்தது இந்த ஊருக்கே உரியது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. அப்படி ஒரு வீட்டு நண்பரின் கணினி முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. சொல்லுக்குச் சராசரி 3.5 எழுத்து என்று அச்சிட வேண்டிய இடத்தில் பாஷின் ‘பிரின்ட்எஃப்’ அதைச் செல்லாத எண் என்று தள்ளிவிட்டது. பிரெஞ்சு வழக்கில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். ஸ்கிரிப்டின் தலையிலேயே ‘சி.யூடிஎஃப்-8’ லொக்கேலை அமைத்ததும் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீர்ந்தன. டெபியன் லினக்ஸில் அது அடிப்படைப் பொதியோடே வந்துவிடுகிறது.

பெரிய நூல்களுக்கு வேகம் போதாமல் பிறகு சி மொழிக்கு மாறினார். உபுண்டு 22.04-இல் கம்பைல் செய்த கோப்பு டெபியன் 11-இல் எழவே இல்லை, ‘ஜிலிபிசி 2.34 காணவில்லை’ என்றது. ஜிலிபிசி என்பது சி நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம். உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிலிபிசி 2.35, டெபியன் 11-இல் 2.31. பழைய நூலகத்தோடு கட்டியது புதியதில் ஓடும், புதியதோடு கட்டியது பழையதில் ஓடாமல் போகலாம். ஆகவே ஆதரிக்க நினைக்கும் பதிப்புகளில் மிகப் பழையது எதுவோ, அதில் கட்ட வேண்டும்.

நிரலை டெபியனில் சேர்க்க அதைப் பொதியாக்க வேண்டும். டெபியன் பொதிக்கு ‘கன்ட்ரோல்’, ‘ரூல்ஸ்’, ‘சேஞ்ச்லாக்’, ‘காப்பிரைட்’ ஆகிய கோப்புகள் தேவை. இவற்றில் கடைசியைப் பலரும் சடங்காக நினைக்கிறார்கள். உண்மையில் அதிக நேரம் கேட்பது அதுதான். சோதனைக்காக எங்கிருந்தோ எடுத்து வைத்த சொற்பட்டியலுக்கு உரிமம் என்னவென்று தெரியவில்லை. புதிதாக வரும் பொதிகளின் உரிமங்களை டெபியன் காப்பகக் குழுவினர் பார்த்த பிறகே உள்ளே விடுகிறார்கள். பட்டியலை நீக்கிவிட்டு, சோதனைச் சொற்களைத் தானே எழுதிச் சேர்த்தார். கட்டும்போது இணையத்திலிருந்து எதையும் இறக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. பதிவேற்றும் முன் ‘லின்டியன்’ கருவியை ஓட்டிவிட்டால் பாதிப் பிழைகள் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

இவற்றைத் தனியாக மோதிக் கற்க வேண்டியதில்லை. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. பக்கத்து விழுப்புரத்தில் 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் டெபியன் மாநாடான மினி டெப்கான்ஃப் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் உலக டெப்கான்ஃப். பொதி கட்டத் தெரிந்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து காட்டினால் கையேட்டில் பல நாள் தேடுவது சீக்கிரம் விளங்கிவிடும்.

நிரலின் 1.0.0 பதிப்பு வெளியான மறுநாளே ஒரு பிழை தெரிந்தது. அதே எண்ணில் கோப்பை மட்டும் மாற்றி வைக்கலாமா என்று கை துறுதுறுத்தது. அப்படிச் செய்தால் முன்பே இறக்கியவர்களிடம் உள்ள சரிபார்ப்பு எண் பொருந்தாது, கோப்பை யாரோ திருத்திவிட்டார்கள் என்று சந்தேகம் வரும். 1.0.1 என்று தனியே வெளியிட்டார். அதன் ‘மேன்’ என்னும் கையேட்டுப் பக்கத்தில் முதல் எடுத்துக்காட்டாக இருப்பது ‘புதுச்சேரி’, எதிரே 5.