உதிர்ந்த விதைகளும் இயற்கைக் கல்வியும்

இயற்கைப் பொருள்களைச் சேகரித்தல் சிறார் கல்வியின் பழமையான முறைகளுள் ஒன்றாகும். அது ஒருவரை எவ்வளவு தொலைவு இட்டுச் செல்லும் என்பதற்கு மும்பையிலேயே சான்றுண்டு. அங்கு 1896-இல் பிறந்த சாலிம் அலி, தாம் சிறுவராக இருந்தபோது சுட்டு வீழ்த்திய மஞ்சள் கழுத்துக் குருவி ஒன்றை, இன்னதென அறியும் பொருட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு எடுத்துச் சென்றார். 1883-இல் நிறுவப்பட்ட அக்கழகத்தின் செயலாளர் மில்லர்டு பெயரைச் சொன்னதோடு நில்லாது, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையும் காட்டினார்.

அக்காலச் சேகரிப்பு துப்பாக்கியால் நிகழ்ந்தது. இன்று அது கூடாது. பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதைக்கூட 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லில் அடக்குகிறது. ஆகவே, தாமே உதிர்ந்தவற்றை மட்டும் எடுத்தல் என்பதே ஆசிரியர் வகுக்க வேண்டிய முதல் விதி.

முற்றமில்லாத வீடுகள் நெருங்கிய தாராவியில் இப்பாடத்திற்கு இடமேது எனக் கேட்கலாம். மித்தி ஆற்றங்கரையில் சுமார் 37 ஏக்கர் பரப்புள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, முன்னர் நகரின் குப்பைமேடாக இருந்த நிலம். 1983-இல் அங்கு முதல் மரக்கன்றை நட்டவர் அதே சாலிம் அலி; 1994-இல் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே பார்ப்பதும் வரைவதும் போதும். சேகரிப்பை மாதுங்காவின் தெருவோர மரங்களடியில் வைத்துக்கொள்ளலாம்.

சேர்த்தவற்றைச் சிறுவர் முதலில் நிறத்தாலும் அளவாலும் பிரிப்பர்; தடுக்க வேண்டா. பின்னர், தாய்மரத்தை விட்டு இவ்விதை எவ்வாறு அகலும் என்று வினவுக. எருக்கின் விதை பஞ்சேறிக் காற்றில் செல்லும். தூங்குமூஞ்சி மரத்தின் இனிப்புக் காயைக் கால்நடைகள் தின்று விதையைப் பரப்பும். வெண்கண்டலின் விதையை ஓதநீர் கொண்டுபோகும். கண்டல் இலையில் படியும் உப்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் காட்டலாம். மித்தி நீரின் இன்றைய நிலையில் நாவால் சோதிக்கச் சொல்லலாகாது.

ஒவ்வொரு விதைக்கும் தேதி, இடம், பெயர் எழுதுதல் இன்றியமையாதது. பெயரைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதுவித்தல் நன்று. புளிக்குச் ‘சிஞ்ச்’, அரசுக்குப் ‘பிம்பள்’. தமிழ்ப் பெயர்களை வீட்டுப் பாட்டியரிடம் கேட்டு வரச் செய்யலாம். நூல்களைவிட அவர்கள் விரைவாக உதவுவர்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்குப் பையில்லா நாள்கள் பத்தினைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்றிரண்டைக் கோடையின் தொடக்கத்தில் ஒதுக்கினால், சேர்த்த விதைகளைப் பருவமழையில் காலிப் பால் உறைகளில் ஊன்றலாம். கடினத் தோலுடைய தூங்குமூஞ்சி விதை பெரும்பாலும் எளிதில் முளைக்காது. ஏன் என்று கேட்கும் சிறுவனுக்கு, அதன் காயைத் தின்ற கால்நடையை நினைவூட்டினால் போதும்.