கல்யாணம் முதலில், காதல் பிறகு: பிரபுக் குடும்பத்துக் காதல் நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

கடனில் மூழ்கிய பிரபு, பணம் படைத்த வணிகரின் மகள், இருவருக்கும் இடையில் ஒரு பத்திரம். இங்கிலாந்துப் பின்னணியில் வரும் வரலாற்றுக் காதல் நாவல்களில் இந்தக் கதைக்கு வயதே ஆவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் காதல் வரும் என்று தமிழ் வாசகருக்கு நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. நம் வீடுகளில் பார்த்ததுதான். அந்தக் கல்யாணம் ஏன் நடந்தது என்பதைத்தான் நம்ப வைத்தாக வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். பணக் கணக்கை இரண்டு வரியில் முடித்துவிட்டு நடன விருந்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

1. ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

‘அந்தக் காலத்தில்’ என்று பொதுவாகத் தொடங்காதீர்கள். 1811 முதல் 1820 வரையிலான ரீஜென்சி காலம் தொடக்கத்துக்கு ஏற்றது. நெப்போலியனோடு நடந்த போர், 1815இல் வாட்டர்லூ, லண்டனின் விருந்துப் பருவம் என்று கதைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ஆண்டு தெரிந்தால் சட்டம் தெரியும். இங்கிலாந்தில் 1857க்கு முன்பு, மறுமணம் செய்துகொள்ளும் உரிமையோடு விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். பிடிக்காவிட்டால் பிரிந்துவிடலாம் என்ற எண்ணமே உங்கள் நாயகிக்கு வர வழியில்லை. கதையின் இறுக்கம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

2. கடனுக்குக் காரணம் சொல்லுங்கள்

இவ்வளவு நிலம் இருக்கிறதே, கொஞ்சம் விற்றால் என்ன என்று வாசகர் கேட்பார். பல பிரபுக் குடும்பங்களில் நிலம் தலைமுறை ஏற்பாட்டில் கட்டுண்டு கிடந்தது. பட்டத்துக்கு உரியவர் ஆயுள் முழுக்க வருமானத்தை அனுபவிக்கலாம்; நினைத்தபடி விற்க முடியாது, மூத்த மகனுக்கு விட்டுச்செல்ல வேண்டும். அப்பா வைத்துவிட்டுப் போன சூதாட்டக் கடன், தங்கைகளுக்குத் தர வேண்டிய பங்கு, ஒழுகும் கூரை, இவற்றையெல்லாம் சமாளிக்க மொத்தமாக ரொக்கம் வர எளிய வழி கல்யாணம்.

3. பத்திரத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்

இதற்கு அதிக நேரம் கொடுங்கள். இரு தரப்பு வக்கீல்களும் கல்யாணத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். பெண் கொண்டுவரும் தொகை எவ்வளவு, அவள் கைச்செலவுக்கு ஆண்டுக்கு எவ்வளவு, கணவன் இறந்தால் விதவைக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு, இளைய பிள்ளைகளுக்கு என்ன பங்கு என்று எல்லாம் எழுத்தில் வரும். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 1882இல் வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டத்துக்கு முன்பு, மனைவியின் ரொக்கமும் பிற அசையும் பொருளும் தாலி ஏறிய கணமே, அதாவது மோதிரம் மாட்டிய கணமே, பெரும்பாலும் கணவனுடையவை. அவளுக்கென்று ஏதாவது மிஞ்ச வேண்டுமென்றால் பொறுப்பாளர்கள் பெயரில் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

இப்போது ஒரு காட்சி. நாயகி அந்தப் பத்திரத்தைப் படிக்கிறாள். அவன் செத்தால் தனக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்ற வரி கண்ணில் படுகிறது. அவனுடைய முகத்தைக்கூட அவள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. இருநூறாம் பக்கத்தில் அவன் காய்ச்சலில் கிடக்கும்போது அதே வரி நினைவுக்கு வந்து அவளைக் கூச வைக்கட்டும். காதல் வந்துவிட்டது என்று நீங்கள் தனியாக எழுத வேண்டியிருக்காது.

4. தேவாலயத்துக்குப் போகும் வழி

1754இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, மூன்று ஞாயிறுகள் தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும் அல்லது உரிமம் வாங்க வேண்டும். எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் மணமுடிக்க கேன்டர்பரி பேராயரின் சிறப்பு உரிமம் தேவை. மற்றவர்களுக்குக் காலையில் மட்டும்தான் கல்யாணம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரவுக் கல்யாணம் வைக்க ஆசைப்பட்டால் அந்த உரிமத்தைக் கதைக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

5. சாப்பாட்டு மேசையில் உட்கார வையுங்கள்

உண்மையில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பாருங்கள். 1895இல் அமெரிக்கக் கோடீஸ்வரர் வாண்டர்பில்ட்டின் மகள் கான்சுவேலோ, ஒன்பதாம் மார்ல்பரோ டியூக்கை மணந்தார். டியூக்குக்கு 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள் கைமாறின. பிளென்ஹைம் மாளிகையில் இருவரும் பேச்சில்லாமல் சாப்பிடுவார்கள். நேரம் போகாமல் மேசையிலேயே பின்னல் வேலை செய்ததாக கான்சுவேலோ பிற்காலத்தில் எழுதினார். இருவரும் 1906இல் பிரிந்தார்கள், 1921இல் விவாகரத்து. பிறகு கத்தோலிக்க முறைப்படி மணத்தைச் செல்லாததாக்கக் கேட்டபோது, மகளைக் கட்டாயப்படுத்தியதாகத் தாயே சாட்சி சொன்னார்.

உங்கள் கதை இனிப்பாக முடியலாம். ஆனாலும் அந்த மௌனத்தில் தொடங்குங்கள். பிறகு அதைச் சிறு சிறு செயல்களால் உடையுங்கள். அவன் தேநீரை எப்படிக் குடிப்பான் என்று அவள் கேட்காமலே தெரிந்துகொள்வது ஒரு முத்தத்தைவிடத் தூரம் போகும்.

6. பழைய காதலியைக் கெட்டவளாக்காதீர்கள்

ஜார்ஜெட் ஹேயர் 1961இல் எழுதிய ‘எ சிவில் கான்ட்ராக்ட்’ நாவலைத் தேடிப் படியுங்கள். போரிலிருந்து திரும்பும் ஆடம், குடும்பக் கடனுக்காக வணிகர் மகள் ஜெனியை மணக்கிறான். மனமோ அழகி ஜூலியாவிடம் இருக்கிறது. ஹேயர் ஜூலியாவை வில்லியாக்கவில்லை, ஜெனியைத் திடீர் அழகியாக்கவும் இல்லை. சேர்ந்து வாழ்ந்த நாட்கள்தான் ஆடமை மாற்றுகின்றன. அந்த மாற்றத்தை ஒரே காட்சியில் நடத்திவிடாதீர்கள். குறைந்தது பத்து அத்தியாயங்களாவது கொடுங்கள்.

முதல் அத்தியாயத்துக்கு முன்பாக அந்தப் பத்திரத்தைத் தொகைகளோடு ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அது நாவலில் அப்படியே வர வேண்டியதில்லை.