அழையாமல் நுழைதல்: ஒரு சொல்லாராய்ச்சி



சென்ற தவணையில் ஒருநாள், ரானுயியில் நமது வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி கதவோரம் நின்று, "சேர், 'இன்ட்ரூட்' பண்ணுவதற்கு மன்னிக்கவும், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று வினவினாள். "தொந்தரவு" என்று உடனே விடையிறுத்தேன். வீடு திரும்பியபின் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அதனைத் திருத்தும் முயற்சியே இக்கட்டுரை.

ஆங்கிலத்தில் 'இன்டரப்ட்', 'இன்ட்ரூட்' என இரு சொற்கள் உள. இரண்டும் இலத்தீன் மொழியிலிருந்து வந்தவை. முன்னதன் வேர்ப்பொருள் 'இடையிலே முறித்தல்'. பின்னதன் வேர்ப்பொருள் 'உள்ளே தள்ளுதல்'. ஒருவர் பேசும்போது நாம் குறுக்கே பேசினால் முறிவது அவருடைய பேச்சு. அவருடைய அறைக்குள் கேளாமல் நுழைந்தால் மீறப்படுவது அவருடைய எல்லை. முன்னது காலத்தைப் பற்றியது. பின்னது இடத்தைப் பற்றியது.

தமிழிலும் இவ்வேறுபாடு தெளிவாகவே உண்டு. பேச்சை நிறுத்துவது இடைமறித்தல், ஒரு செயலின் நடுவே வரும் துன்பம் இடையூறு (இடை + ஊறு, ஊறு என்பது தீங்கு). பிறர் காரியத்தில் வேண்டாது புகுவது தலையிடுதல். அதனையே பேச்சுவழக்கில் 'மூக்கை நுழைத்தல்' என்போம். ஒன்றைத் துளைத்து உட்செல்வது ஊடுருவல். அத்து என்றால் எல்லை. அதனைக் கடப்பது அத்துமீறல். யாழ்ப்பாணத்து வீடுகளில் 'கரைச்சல்', 'ஆக்கினை' என்னும் சொற்களும் அன்றாடம் ஒலிக்கும். வேண்டாத வேளையில் வருபவரைக் கண்டு "சிவபூசையில் கரடி புகுந்தாற்போல" என்பர் நம் முதியோர். அக்கரடி விலங்கன்று, கரடிகை என்னும் இசைக்கருவியே என்று விளக்குவாரும் உளர்.

இனி, இச்சொல் பிற துறைகளில் வழங்குமாறு காண்போம்.

புவியியலில்: நிலத்தடியே உருகிய பாறைக்குழம்பு பழைய பாறைகளுக்குள் புகுந்து, மெல்ல ஆறி இறுகினால் அது ஊடுருவிய பாறை எனப்படும். கருங்கல் இவ்வகையினது. தென்தீவின் ஏபெல் தாஸ்மன் கரையிற் காணும் பாறைகள் இதற்குச் சான்று. ஒக்லாந்தின் எரிமலைகளோ குழம்பை வெளியே உமிழ்ந்தவை. ஆதலால் ரங்கிட்டோட்டோத் தீவின் கரும்பாறை ஊடுருவிய பாறையன்று.

நீரியலில்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, கனம் மிகுந்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இயந்திரத்தால் இறைத்தால், நன்னீர் குறைந்த இடத்தை நோக்கிக் கடலின் உவர்நீர் ஏறிவிடும். இதுவே உவர்நீர் ஊடுருவல். ஓசையின்றி நிகழும், நாவில் உப்புக் கரிக்கும்போதே தெரியவரும்.

சட்டத்தில்: ஒருவரை அவர் அறியாமல் மறைவாகப் படம்பிடித்த வழக்கொன்றில், பிறர் தனிமைக்குள் ஊடுருவுவது தனியே வழக்குத் தொடரத்தக்க தவறு என்று நியூசிலாந்து உயர்நீதிமன்றம் 2012ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது.

சொல்லின் எடையை நான் உணர்ந்தது நூலகத்திலன்று. 2008ஆம் ஆண்டில் வன்னியில் மரநிழலில் வகுப்பெடுத்தபோது, விமான இரைச்சல் கேட்டதும் பாடத்தை நிறுத்திப் பதுங்குகுழிக்கு ஓடுவோம். அது இடையூறு. ஓரிரவு ஆயுதம் தரித்தோர் எங்கள் கதவை உடைத்து உட்புகுந்தனர். அது இடையூறு அன்று. பின்னர் புகலிடம் கோரி ஓர் அலுவலகத்தில் அமர்ந்திருந்தபோது, "வீட்டுக்குள் புகுந்தார்கள்" என்று நான் கூறியதை மொழிபெயர்ப்பாளர் "வந்தார்கள்" என்று பெயர்த்தார். "நீங்கள் அவர்களை உள்ளே அழைத்தீர்களா?" என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரிந்த சிறிதளவு ஆங்கிலத்தில் நானே திருத்தினேன். ஒரு வினைச்சொல் மாறியதால் உடைந்த கதவு திறந்த கதவாகிவிட்டது! மாணவர்களே, இரு மொழியையும் ஏன் செவ்வையாகக் கற்கவேண்டும் என்று கேட்பீர்களாயின், இதுவே என் விடை.

பெற்றோருக்கும் ஒரு சொல். என் மகள் தன் அறைக்கதவில் "தட்டிவிட்டு வரவும்" என்று எழுதி ஒட்டியபோது என் மனம் நொந்தது. கதவு தாழிடாத வீட்டில் வளர்ந்தவன் நான். பெற்ற தகப்பன் அந்நியனா என்று எண்ணினேன். இரண்டு நாட்கள் சென்றபின் அந்தப் பழைய கதவை நினைத்துக்கொண்டேன். தன் கதவு உடைபட்டதை அறிந்தவனே முதலில் தட்டக் கற்கவேண்டும் அல்லவா? இப்போது தட்டுகிறேன். "வாங்கோ அப்பா" என்கிறாள். முன்னர் அச்சொல்லை நான் கேட்டதில்லை.

அழையாமல் வருவோர் எல்லோரும் வேண்டாதவரோ? அல்லர். விருந்து என்னும் தமிழ்ச்சொல்லின் முதற்பொருள் புதுமை. புதிதாய் வந்தவரே விருந்து. ஏதிலிகளை 'ஊடுருவியோர்' என்று ஏசுவாரும் உலகில் உளர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் நியூசிலாந்து 1960ஆம் ஆண்டில் இணைந்தது. நாம் அந்நாட்டின் கதவைத் தட்டினோம், திறந்தார்கள். மாவோரி மொழியில் 'ரா' என்பது ஞாயிறு. 'நுயி' என்பது பெரிது. அப்பெயர் தாங்கிய ஊரில் இன்று தமிழ் படிக்கிறோம்.

பயிற்சி: கீழ்வருவனவற்றுக்கு ஏற்ற சொல்லைத் தெரிந்தெழுதுக: இடைமறித்தல், தலையிடுதல், அத்துமீறல், ஊடுருவல்.

1. தம்பி கேளாமல் அக்காவின் நாட்குறிப்பைப் படித்தான்.
2. ஆசிரியர் பேசி முடிக்குமுன் மாணவன் பேசினான்.
3. கிணற்று நீர் உவர்ப்பாயிற்று.
4. அயலவரின் குடும்பச் சண்டையில் மாமா தீர்ப்புக் கூறினார்.

விடைகளைப் பெற்றோருடன் கலந்து பேசி எழுதி வருக. அவர்கள் அறைக்குச் செல்லுமுன் கதவைத் தட்ட மறவாதீர்கள்!