போலி நாணயம்: தெரிந்தே வாங்கலாமா?

வணிகப் பெருமக்களில் பழைய நாணயம் சேர்ப்போர் பலர். கல்லாவில் விழும் சில்லறையை அன்றாடம் எண்ணும் நமக்கு அந்த ஆர்வம் வருவது இயல்பே. அதிலும் சிதம்பரம், அண்ணாமலை நகர் வட்டாரம் சோழ மண். இராசராசன் காசு என்றால் கை தானாக நீளும்.

"இது அசல் இல்லை ஐயா, ஆனால் அசல் போலவே இருக்கும். அழகுக்கு வைத்துக் கொள்ளுங்கள்" என்று ஒருவர் மலிவாகக் கொடுத்தால் வாங்கலாமா?

புழக்கத்தில் உள்ள நாணயத்தின் போலி என்றால் பேச்சுக்கே இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு, போலி என்று தெரிந்தே நாணயத்தை விற்பதோடு வாங்குவதையும் குற்றமாக்குகிறது. பத்தாண்டு வரை சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம். "சேகரிப்புக்குத்தான் வாங்கினேன்" என்ற சமாதானத்தை நம்பி இறங்க வேண்டாம்.

அதற்காக நல்ல காசையும் சந்தேகிக்கக் கூடாது. போலி என்ற வதந்தியால் பத்து ரூபாய் நாணயத்தைப் பல கடைகளில் வாங்க மறுத்தோம். அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவுபடுத்தியது.

மன்னர் காலக் காசு இன்று செலாவணி இல்லை. அதன் போலியை அசல் என்று சொல்லி விற்றால் மோசடி. போலி என்று சொல்லியே விற்றால்? இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும்.

பப்பாளி விதை கலந்த மிளகு மூட்டை பாதி விலைக்கு வந்தால் தெரிந்தே வாங்குவோமா? வாங்கினால் கலப்படக்காரருக்கு முதல் போட்டவர் நாமே. போலிக் காசும் அப்படித்தான். மேலும், அது போலி என்பது இன்று உங்களுக்குத் தெரியும். நாளை உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? அப்பா சேர்த்த சொத்து என்று நம்பி அதை அசல் விலைக்கு விற்பார். கெடுவது உங்கள் பெயர்.

ஒரு விலக்கு உண்டு. ரோமானியர் காலத்திலேயே செம்பின் மேல் வெள்ளி பூசிய கள்ளக்காசுகள் இருந்தன. அத்தகைய பழங்காலப் போலிகள் இன்று வரலாற்றுச் சான்றுகள். ஆய்வுக்காக வாங்குவதில் தவறில்லை. புதிதாகச் செய்த நகல் என்றால் அதன் மேலேயே நகல் என்று பொறித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1973 முதல் இதற்குச் சட்டமே உள்ளது.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை:

1. பழங்காசுகள் பெரும்பாலும் அச்சால் அடித்தவை. விளிம்பில் இணைப்புக் கோடு, மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருந்தால் வார்த்த போலி என்று சந்தேகியுங்கள்.

2. இரண்டு காசுகளில் ஒரே கீறல், ஒரே தேய்மானம் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்தவையாக இருக்கலாம்.

3. பொன், வெள்ளி, செம்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் போலி. ஒட்டாததால் மட்டும் அசல் ஆகிவிடாது.

4. விற்பவரிடம் பில் கேளுங்கள். பில் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஏமாந்து வாங்கிய பழங்காசுப் போலி கையில் இருந்தால் தனி உறையிலிட்டு, "போலி" என்று எழுதி, வாங்கிய தேதியும் குறித்து வையுங்கள். புழக்கக் காசின் போலி கல்லாவில் வந்தால் அடுத்தவரிடம் தள்ளிவிடாமல் வங்கியில் காட்டுங்கள். நட்டம் நம்மோடு நிற்கட்டும்.