கலத்தின் கடிவாளம்

குதிரைக்கு ஓட்டம் எத்துணை வேண்டுமோ, கடிவாளமும் அத்துணை வேண்டும். நம் உடற்கலங்களுக்கும் அஃதே நியதி. 1979ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட பி53 என்னும் புரதத்தை அத்தகைய கடிவாளமென யாம் கொள்ளலாம்.

கலத்தின் டி.என்.ஏ. பழுதுறின் அச்செய்தி பி53ஐ எட்டும். அது பி21 என்னும் புரதத்தைத் தோற்றுவித்துக் கலப்பிரிவை நிறுத்தும். பழுது திருத்தவொண்ணாததாயின், கலம் தானே மாயுமாறு ஏவும். அம்மாய்வைத் தடுத்து நிற்பது பிசிஎல்2 என்னும் வேறொரு புரதம். பி53 ஏவும் புரதங்கள் அத்தடையை அகற்றுவன.

நாட்பட்ட நிணநீர்க்குழியப் புற்றுநோய் குருதியைப் பற்றுவதொன்று. அந்நோயாளர் சிலரிடத்து 17ஆம் நிறமூர்த்தத்தின் குறுங்கரம் அற்றுப்போக, அதிலமைந்த பி53இன் பரம்பரையலகும் உடன் அழிகின்றது. எஞ்சிய இணையும் பெரும்பாலும் பிறழ்ந்தே காணப்படும். டி.என்.ஏ.யைச் சிதைத்துக் கலத்தைக் கொல்ல முயலும் பழைய மருந்துகள் இவர்க்குப் பெரிதும் பயன்படா. சிதைவு நேரும், செய்தி எழும், கேட்பாரில்லை.

ஆயினும் வழி முற்றும் அடைபடவில்லை. 2016இல் அமெரிக்காவில் இத்தகைய நோயாளர்க்கென அனுமதிக்கப்பெற்ற வெனெற்றோகிளாக்ஸ் என்னும் மருந்து, பி53இன் துணையை நாடாது, பிசிஎல்2ஐ நேரே மடக்குகின்றது. கடிவாளம் அறுந்தபோதும், அது பற்றியிழுத்த இடத்தை அறிந்தோர் பிறிதொரு கயிற்றால் இழுக்கலாம். அவ்விடத்தை அறிவதே கல்வி என்பதை மாணாக்கர் உளங்கொள்வாராக.